அறுபதைத் தாண்டி அளவான வீட்டுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் நங்கநல்லூர், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் பக்கம் 1970, 80களில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனை வாங்கி, பி.எஃப். பணத்தையும் நகையையும் புரட்டிக் கட்டிய தனி வீடுகளில் இன்று பெரும்பாலும் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். மாடி பூட்டிக் கிடக்கிறது. தென்னை மட்டை விழுந்தால் இழுத்துப் போட ஆளில்லை. மோட்டார் ரிப்பேர், தொட்டி கழுவுவது, சுவரில் முளைக்கும் அரசஞ்செடி என்று வாரத்துக்கு ஒரு வேலை. இதை விற்றுவிட்டு இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றுவதில் தப்பே இல்லை.

ஆனால் புதிய வீட்டைப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இரண்டு விஷயங்களை வைத்துத்தான். ஒன்று விலை. இன்னொன்று, வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பிள்ளைகளுக்கு இடம் போதுமா என்பது. மீதி நாளெல்லாம் அங்கே இருக்கப்போகிற இருவர் காலையில் எழுந்தது முதல் இரவு படுப்பது வரை எங்கே நடப்பார்கள், யாரோடு பேசுவார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவார்கள் என்பது கணக்கிலேயே வராது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகின்றன.

விழுந்த பிறகு யோசிப்பது

மிகப் பெரிய தவறு தாமதம். பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்த பிறகோ, இருவரில் ஒருவர் போன பிறகோதான் வீட்டை மாற்றும் பேச்சு தொடங்குகிறது. அப்போது முடிவெடுப்பது வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன் அல்லது மகள். அவர்கள் கையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது. அந்தத் தேதிக்குள் வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, அம்மாவைக் குடிவைத்தாக வேண்டும். இப்படி எடுக்கும் முடிவு நல்ல முடிவாக அமைந்தால் அது அதிர்ஷ்டம்தான். இருவரும் படி ஏறி இறங்கி, நாலு இடம் பார்த்து, பேரம் பேசத் தெம்பிருக்கும் வயதில் இதைச் செய்ய வேண்டும். அறுபத்தைந்து சரியான வயது என்பேன். எண்பது தாமதம்.

இன்னொன்று, முதலில் விற்றுவிட்டு அப்புறம் இடம் தேடுவது. ஊர் மாறுவதாக இருந்தால் இது ரொம்ப ஆபத்து. சென்னையில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு, சொந்த ஊர்ப் பாசத்தில் கும்பகோணத்துக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ போகிறார்கள். மனசில் இருப்பது சின்ன வயசில் பார்த்த ஊர். அங்கே இருந்த சித்தப்பா, அத்தை யாரும் இப்போது இல்லை. இதய டாக்டரும் பழைய ரிப்போர்ட்டுகளும் சென்னையில் இருக்கின்றன. பழைய வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, போகப்போகும் ஊரில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழை, ஒரு தீபாவளி மூன்றையும் அங்கே பார்த்துவிட வேண்டும். வாடகை வீண் செலவு என்று தோன்றும். பிடிக்காத ஊரில் வாங்கிய வீட்டைத் திருப்பி விற்கும்போது பத்திரச் செலவிலும் தரகிலும் போகும் காசைக் கணக்குப் பார்த்தால் இது கொசுறு.

சதுர அடியை நம்பி ஏமாறுவது

1,200 சதுர அடி ஃபிளாட் என்று சொல்வது பெரும்பாலும் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் உங்கள் பங்கையும் சேர்த்து. உள்ளே கால் வைத்து நடக்கும் இடம் 900 அல்லது அதற்கும் கீழே. 2016ஆம் வருஷ ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும். அந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய ஃபிளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் டேப் எடுத்துக்கொண்டு நீங்களே அளக்க வேண்டியதுதான்.

அளக்கும்போது சாமான்களையும் அளந்து கொண்டுபோங்கள். கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு பீரோ சுமார் ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம். உள்ளே வைத்தால் மட்டும் போதாது, கதவைத் திறந்துவிட்டு எதிரே ஒருவர் நின்று புடவை எடுக்க இடம் வேண்டும். பத்தடி அறையில் ஆறடிக் கட்டில் போட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊஞ்சல் மாட்டும் ஆசை இருந்தால், கூரையில் கொக்கி போட முடியுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பாத்ரூம் கதவுதான் யாரும் பார்க்காத இடம். நிறைய ஃபிளாட்டுகளில் அது இரண்டரை அடி, கட்டையும் கதவும் போக அதிலும் குறைவு. வீல்சேர் வந்தால் இடிக்கும். வாக்கரோடு நுழைந்து திரும்ப முடியுமா என்று பாருங்கள். ஈரப்பகுதிக்கு இறங்கும் அந்த இரண்டு அங்குலப் படி, பால்கனி வாசலில் இருக்கும் தடுப்பு, வழுவழுப்பான தரை ஓடு இவைதான் எண்பது வயதில் எதிரிகள். கைப்பிடி பின்னால் பொருத்திக்கொள்ளலாம். கதவை அகலப்படுத்துவது அவ்வளவு சுலபமில்லை.

எந்த மாடி என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சென்னையில் வயதானவர்களுக்குத் தரைத்தளம் வேண்டாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பட்ட பாடு தெரிந்ததுதான். அதற்காக எட்டாவது மாடியும் வேண்டாம். அந்த நாட்களில் மின்சாரம் இல்லாமல் லிஃப்ட் நின்றுபோய், மேலே இருந்தவர்களுக்குப் பால் பாக்கெட்கூடப் போய்ச் சேரவில்லை. முதல் மாடி, தப்பினால் இரண்டாவது. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் ஓடுமா, விளக்குக்கு மட்டுமா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போகுமா என்று கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம்.

அம்மாவைக் கேட்காமல் முடிவெடுப்பது

நம் வீடுகளில் மனை, பத்திரம், கடன் எல்லாம் ஆண்கள் விஷயம். புது வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது யார்? சமையல் மேடையின் உயரம், மிக்சி வைக்கும் இடம், வெயில் விழும் பால்கனி, துணி உலர்த்தும் கொடி, சாமி அலமாரி எந்தத் திசை என்பதையெல்லாம் அவர்தான் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், பழைய தெருவில் அவருக்கு என்னென்ன இருந்தது என்பது. வாசலில் கீரைக்காரம்மா, இருபது வருஷமாக வேலைக்கு வரும் பெண், சாயங்காலம் கோயிலில் பேசிக்கொண்டிருக்கும் நாலு பேர். கேட்டட் கம்யூனிட்டியில் கீரைக்காரம்மாவைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். வேலைக்கு வருகிறவர் பஸ் மாறி வர முடியாது என்று நின்றுவிடுவார். கணவர் காலையில் பார்க்கில் நண்பர் பிடித்துவிடுகிறார். மனைவி டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். கூடுமானவரை அதே ஏரியாவுக்குள், நடக்கும் தூரத்தில் மாறுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பில்டரிடம் மனையைக் கொடுப்பது

சென்னையில் இப்போது அதிகம் நடப்பது ஜாயின்ட் வென்ச்சர். மனையை பில்டரிடம் கொடுத்தால் இடித்துக் கட்டி, உங்கள் பங்குக்கு ஃபிளாட்டும் கொஞ்சம் பணமும் தருவார். தெரு மாற வேண்டாம் என்பது பெரிய வசதி. பலர் மறந்துபோவது, இதில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை குடிமாற வேண்டும் என்பதை. கட்டி முடிக்கும்வரை வாடகை வீடு. ஒன்றரை வருஷம் என்று சொன்னது மூன்று வருஷமாக இழுக்கலாம், எழுபத்தைந்து வயதில் மூன்று வருஷம் பெரிய காலம். தாமதமானால் வாடகையை யார் கொடுப்பது, எத்தனை மாதம் தாண்டினால் எவ்வளவு நஷ்டஈடு, உங்களுக்கு எந்த மாடியில் எந்த ஃபிளாட், மனையில் எவ்வளவு பிரிக்கப்படாத பங்கு என எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பில்டருக்குக் கொடுக்கும் பவர், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம், அவர் பங்கை விற்பதற்கு மட்டும்தான் என்று இருக்கட்டும். மூலப்பத்திரத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு ரசீதுகூட வாங்காதவர்கள் உண்டு.

முதியோர் குடியிருப்புகள் கோயம்புத்தூர் பக்கம் நிறைய வந்திருக்கின்றன. சமைத்த சாப்பாடு, நர்ஸ், துணைக்கு ஆட்கள் என்று நல்ல ஏற்பாடுதான். போய்ப் பார்க்கும்போது தோட்டத்தையும் யோகா ஹாலையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மாதக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? படுத்த படுக்கையானால் இங்கேயே இருக்கலாமா, காலி செய்யச் சொல்வார்களா? ஒருவர் போய்விட்டால் மற்றவருக்குக் கட்டணம் குறையுமா? டெபாசிட் எத்தனை மாதத்தில் திரும்ப வரும்? வாங்கிய வீடாக இருந்தால் வாரிசு அதில் குடியிருக்கலாமா, விற்க மட்டும்தானா? அப்புறம் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள், முன்கூட்டிச் சொல்லாமல் போய்.

பணத்தில் சறுக்குவது

பெரிய வீட்டை விற்று, வந்த லாபத்தைவிட விலை குறைந்த வீடு வாங்கினால் லாபம் முழுவதுக்கும் வரிவிலக்கு கிடைக்காது. நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ, விற்ற இரண்டு வருஷத்துக்குள்ளோ வீடு வாங்கினால், அல்லது மூன்று வருஷத்துக்குள் கட்டினால், அதில் போட்ட அளவுக்குத்தான் விலக்கு. மீதி லாபத்தில் 50 லட்சம் வரை, விற்ற ஆறு மாதத்துக்குள், இதற்கென்றே உள்ள ஐந்து வருஷக் கடன் பத்திரங்களில் போட்டால் அதற்கும் விலக்கு உண்டு. வருமான வரி ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் வீடு அமையவில்லை என்றால் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைக்கக் கூடாது. வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாக உண்டு, அதில் போட வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்தை இங்கே குடியிருப்பவர் விற்றால், 12.5 சதவீத வரியா, விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு 20 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001க்கு முன் வாங்கியதென்றால் அந்த வருஷம் ஏப்ரல் 1 மதிப்பை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். புது வீட்டை மகன் பெயரில் வாங்கினால் விலக்கில் வழக்கு வரும். விலையில் ஒரு பங்கை ரொக்கமாக வாங்குவதும் வேண்டாம், 20,000 ரூபாயைத் தொட்டாலே அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

விற்ற பணத்தை அந்த வாரமே பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர்களுக்கு நான் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. குறைந்தபட்சம், வீட்டை செட்டில்மென்ட்டாக, அதாவது உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுப்பதென்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் வருஷ பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அது பெரிய பலம்.

பரணைக் கடைசியில் இறக்குவது

லாரி வரும் வாரத்தில் பரணில் கை வைக்கக் கூடாது. ஒரு வருஷம் முன்பே தொடங்கலாம், அதுவும் மனசை உலுக்காத சாமான்களிலிருந்து. ஹார்லிக்ஸ் பாட்டில், பழைய ஃபேன், ஒயர் கூடை. ஆல்பத்தில் ஆரம்பித்தால் அன்றைக்கு அந்த ஒரு வேலைதான் நடக்கும். சீராக வந்த எவர்சில்வர் அண்டாவும் தவலையும் வரிசையாக இறங்கும், விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரும் தேதியும் இருக்கும். அந்தப் பெயருக்காகவே யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நீங்களாக எடுத்து வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பதில் வராததெல்லாம் வேண்டாதது என்று எடுத்துக்கொள்ளலாம். கொலு பொம்மையில் மரப்பாச்சியையும் இரண்டு செட்டையும் வைத்துக்கொண்டு மீதியை நவராத்திரிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும். பழைய தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

பத்திரங்கள், பென்ஷன் புத்தகம், மருந்துச் சீட்டு, இன்சூரன்ஸ், கண்ணாடி, ஒரு வாரத்து மாத்திரை எல்லாம் லாரியில் போகக் கூடாது, உங்கள் கைப்பையில் வர வேண்டும். ஆதார், வங்கி, வாக்காளர் பட்டியல், கேஸ், ரேஷன் கார்டு என்று முகவரி மாற்றுவதைப் பேரன் வந்தால் செய்வான் என்று தள்ளிப் போடாதீர்கள். பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் உயிர்வாழ்ச் சான்று கொடுக்கும்போது பழைய செல்போன் எண்ணாலும் முகவரியாலும் திண்டாடாமல் இருக்க, குடிபோன முதல் மாதத்திலேயே முடித்துவிடலாம்.