ஜூன் 5-ல் நட்ட கன்று ஏன் பிழைப்பதில்லை: டெல்டா பள்ளிகளின் பசுமைப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு நாள்காட்டியிலேயே இருக்கிறது. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. அன்று கன்று நட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று பல பள்ளிகளில் நினைக்கிறார்கள். டெல்டாவில் அப்போது வெயில் தணிந்திருக்காது, களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர அதற்கு மேலும் நாளாகும். ஜூன் 5-ல் விதை சேகரியுங்கள், நாற்றுப்பை நிரப்புங்கள். நடவைப் புரட்டாசி மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் குழியில் நட்டால் ஐப்பசியில் வேர் அழுகும். ஓரடி உயர மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் வேம்பு நிற்காது. நீர்மருது, புங்கன், பூவரசு தாங்கும். கடலோர உப்பு மண்ணுக்கும் பூவரசு, புங்கனே நல்லது. ‘ஆளுக்கொரு மரம்’ என்று நூறு நடுவதைவிட, ஆடு வாய் வைக்காதபடி மூங்கில் கூண்டு கட்டிய பத்து போதும். மே விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை நடும் அன்றே எழுதி வையுங்கள்.

உரக்குழியும் இதே கதைதான். அடைமழையில் நிலத்தடி நீர் மேலேறும் ஊரில் பள்ளம் தோண்டினால் அது குட்டையாகிவிடும். தரைக்கு மேல் மூன்றடிக்கு மூன்றடி செங்கல் தொட்டி, சுவரில் காற்று போக இடைவெளி, மேலே கீற்று. சத்துணவில் மிஞ்சும் சாம்பார் சோற்றை அப்படியே கொட்டினால் இரண்டு நாளில் நாறும், எலி வரும், தலைமையாசிரியர் மூடச் சொல்லிவிடுவார். ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு வேண்டும். சோறு என்றால் ஒரு கைப்பிடி மட்டும், சருகுக்கு நடுவில். கலவையை ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் இன்னும் சருகு போட வேண்டும். வாரம் ஒருமுறை கிளற வேண்டும்.

மழைமானி செய்யும்போது இரண்டு லிட்டர் பாட்டிலின் வளைந்த அடியிலிருந்தே அளவு குறிக்கிறார்கள்; கணக்கு தப்பாகிவிடும். நேரான பகுதி வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அங்கே பூஜ்யம் போடுங்கள். வானிலை மையத்தின் கணக்கு நாள் காலை 8.30-க்கு முடிகிறது, நீங்களும் அப்போதே அளந்தால்தான் ஒப்பிட முடியும். சனி, ஞாயிறு பெய்ததையும் சேர்த்துத் திங்கள் மழையாக எழுதக் கூடாது. ‘மூன்று நாள் மொத்தம்’ என்றே எழுத வேண்டும்.

பெரிய தவறு, இவ்வளவையும் அறிவியல் ஆசிரியர் ஒருவர் தலையில் கட்டுவது. எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் பதிவு) பதிவேற்றம், தேர்வு வேலை எல்லாம் முடித்துவிட்டு மாலையில் அவர் குப்பை கிளற வேண்டும் என்றால் எத்தனை நாள் ஓடும்? மாறுதலில் போனால் தொட்டியும் அவரோடு போய்விடும். இரண்டு ஆசிரியரிடம் கொடுங்கள். கால அட்டவணைக்குள் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். மழைக் கணக்கு கணிதத்தில் வரைபடமாகட்டும், வாய்க்கால் வழித்தடம் சமூக அறிவியலில் வரட்டும். மண்வெட்டி, சாக்கு, கீற்றுக்கு ஆசிரியர் தன் கைக்காசைப் போட விடாதீர்கள்.

இதற்கான ஆசிரியர் பயிற்சியை மாவட்டத் தலைநகரில் ஒரு நாள் திரையில் காட்டி முடித்தால், ஊர் திரும்பியதும் பாதி மறந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி இருக்கிற பள்ளியில் அரை நாள் நடத்துங்கள். ஆறு வாரம் கழித்து இன்னோர் அரை நாள். இரண்டாவது தடவை வரும்போது ஆசிரியர்கள் நாறிப்போன உரத்தில் ஒரு பிடி கொண்டுவரட்டும்; கேள்விகள் அதிலிருந்தே கிளம்பும்.