வரலாற்றுப் படம் பார்க்கும் முன் அத்தியாயத்தைப் புரட்டுங்கள்

ஒரே நிகழ்வுக்குப் படமும் புத்தகமும் இருந்தால், முதலில் அந்த அத்தியாயத்தை வாசித்துவிடுங்கள். இருபது பக்கம் போதும். முகமும் குரலும் சேர்வதால் படம் சட்டென மனதில் பதியும். சிக்கலும் அங்கேதான், தப்பும் அதே அழுத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். 2009-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், சரியான தகவலைக் கட்டுரையில் படித்திருந்த மாணவர்களில் பலர், படம் காட்டிய தவறையே தேர்வில் எழுதினார்கள். ‘படத்தில் பிழை இருக்கலாம்’ என்ற பொதுவான எச்சரிக்கை அவ்வளவாக உதவவில்லை. எது பிழை என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் பலன் தெரிந்தது.

ஆகவே பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். ஆண்டு, இடம், யார் யாரைச் சந்தித்தார்கள், இவை வரும்போது மட்டும் நிறுத்தி, ‘42-ஆம் நிமிடம், இருவரும் நேரில் பேசுகிறார்கள்’ என்று குறியுங்கள். எல்லாவற்றையும் எழுதப் போனால் படமே பார்க்க முடியாது! முடிந்ததும் புத்தகத்தின் கடைசியிலுள்ள பெயரடைவில் (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல்) அந்தப் பெயர்களைத் தேடுங்கள். இருவரும் சந்திக்கவே இல்லை, கடிதம்தான் எழுதிக்கொண்டார்கள் என்று தெரியவரலாம். திருத்தத்தை அந்த வரிக்கு நேராகவே சிவப்பு மையில் எழுதுங்கள். கடிதத்தை நேர்ச் சந்திப்பாக மாற்றுவது, பல ஆண்டுகளை இரண்டு மணி நேரத்தில் அடக்க, திரைக்கதையில் வழக்கமாகச் செய்கிற வேலைதான். காதில் விழுந்த வசனத்தை மட்டும் மேற்கோளாக எங்கும் எழுதிவிடாதீர்கள்.