மருத்துவச் செய்தியை அடியிலிருந்து வாசியுங்கள்

ஸ்டெம் செல் (உடலின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்), மரபணு மாற்றம் பற்றிய செய்தி வந்தால் கடைசிப் பத்திகளை முதலில் வாசியுங்கள். சோதித்தது எலியிலா மனிதரிலா, எத்தனை பேரில் என்று தேடுங்கள்.

பத்திரிகைகள் பரபரப்பை மேலே வைத்து, "இன்னும் எலிகளில்தான்" என்ற வரியை அடியில் தள்ளுகின்றன. இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. தலைப்பு "அற்புதம்" என்றோ "அக்கிரமம்" என்றோ கத்தினால், ஹட்டன் பஸ்ஸில் நடக்கும் விவாதமும் அந்த இரண்டுக்குள் முடங்கிவிடுகிறது. நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு ஓடுமுன் அந்த அடிவரியைக் கட்டாயம் பாருங்கள்.

மோசடியை இந்த வாசிப்பு முறை காட்டித்தராது. தென்கொரிய விஞ்ஞானி ஹுவாங் வூ சுக் மனித ஸ்டெம் செல் பற்றி வெளியிட்ட கட்டுரைகளை 'சயன்ஸ்' இதழ் 2006இல்தான் மீளப்பெற்றது; 2005 இறுதியில் மோசடி வெளிப்படும்வரை அவர் கொண்டாடப்பட்டார். டெங்கு, எலிக்காய்ச்சல் எச்சரிக்கைகளை மட்டும் மேலிருந்தே வாசித்து, சொன்னதை உடனே செய்யுங்கள்.