கச்சான் காற்றுக் காலத்தில் சாடிக் கன்றுகள்: ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

போன ஆனி மாதம் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் விறாந்தையில் நின்ற கொச்சி (மிளகாய்) கன்றுகள் ஒவ்வொன்றாக வாடத் தொடங்கின. விடிய ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய உடனே அடியால் ஓடி வந்தது, அதனால் போதுமான அளவு ஊற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். கடைசியில் செத்துப்போன ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேரைச் சுற்றியிருந்த மண் தூளாகக் காய்ந்து கிடந்தது!

தும்புத்தூள் கலந்த மண் ஒரு தரம் நன்றாகக் காய்ந்தால் சுருங்கி, சாடியின் சுவரை விட்டு விலகிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் அந்த இடைவெளியால் இறங்கி ஓடுமே தவிர வேருக்குப் போகாது. மேற்குப் பக்கமிருந்து வரும் கச்சான் காற்று சூடும் வறட்சியுமாக அடிக்கும் நாட்களில் சின்னச் சாடி ஒரே நாளில் இந்த நிலைக்கு வந்துவிடும்.

முதலில் சோதியுங்கள். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள், அல்லது சாடியைத் தூக்கிப் பாருங்கள், காய்ந்த சாடி பாரமே இருக்காது. மண் ஈரமாக இருந்தும் நடுப்பகலில் இலை தொங்கினால் அது வெயிலுக்குத்தான், பொழுது சாயத் தானாக நிமிரும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

காய்ந்திருந்தால் மேலால் ஊற்றாதீர்கள். ஒரு பேசினில் சாடியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சாடியை அப்படியே உள்ளே வையுங்கள். மண்ணிலிருந்து குமிழி வரும். அது நின்று மேல்மண் ஈரமாகும் வரை, அரை மணித்தியாலமோ கொஞ்சம் கூடவோ, விட்டுவிடுங்கள். நான் முதல் தரம் 5 நிமிடத்தில் எடுத்துவிட்டேன், அடிமண் மட்டும்தான் நனைந்திருந்தது. எடுத்த பிறகு நிழலில் வடியவிட்டு, சுவரோர இடைவெளியை விரலால் அமத்தி மூடுங்கள். வாடிய கன்றுக்கு அன்றைக்குப் பசளை போடவே வேண்டாம், வேர் கருகும்.

அப்புறம் மேல்மண்ணை மூடுங்கள். உமி காற்றில் பறந்துவிடும், எனக்குப் பிடித்தது பொச்சுமட்டையைச் சின்னதாக வெட்டிப் பரப்புவதுதான். சாடியிலும் ஒரு விருப்பம் உண்டு: மண்சாடி அழகுதான், ஆனால் அதன் சுவராலும் ஈரம் போகும், இந்த மாதங்களுக்கு வெளிர்நிறப் பிளாஸ்டிக் சாடியே நல்லது. மேற்குப் பக்கம் ஒரு சாக்கையோ நிழல் வலையையோ கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். குழாயால் ஊற்றுபவர்கள் வெயிலில் கிடந்த குழாயின் முதல் தண்ணீரை வெளியே விடுங்கள், கை பொறுக்காத சூடாக வரும்.

இலையின் அடியில் மெல்லிய வலையும் மேலே மஞ்சள் புள்ளிகளும் தெரிந்தால் அது சிற்றுண்ணி. அடிப்பக்கத்தை இரண்டு மூன்று நாள் தண்ணீரால் பலமாகக் கழுவுங்கள். அப்படியும் போகாவிட்டால் 1 லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புத் திரவமும் கலந்து பின்னேரத்தில் தெளியுங்கள்.

பின்சேர்க்கை 1: காத்தான்குடி வாசகர் ஒருவர், ஊறவைத்தும் செவ்வரத்தையின் இலை ஓரம் கருகுகிறது என்று எழுதியிருந்தார். மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று கேட்டேன், ஆம் என்றார். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கிணறுகள் பல கோடையில் உவர்க்கும், அந்த உப்புத்தான். வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாடி கொள்ளும் அளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக மேலால் ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள். அதே கிணற்றுத் தண்ணீரால் கழுவிப் பயனில்லை.

பின்சேர்க்கை 2: கல்முனையிலிருந்து ஒருவர் கற்றாழையையும் பேசினில் வைத்து அழுகவிட்டிருக்கிறார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். சதைப்பிடிப்பான இலையுள்ள கன்றுகளை ஊறவைக்க வேண்டாம், அவற்றுக்கு மண் முழுவதும் காய்ந்த பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர் போதும்.