புகைப்படத் திருத்தத்துக்கென ஒரு சிறிய மேசைக் கணினி: அளவெடுப்பதிலிருந்து அச்சோடு ஒப்பிடுவது வரை

புகைப்படத் திருத்தம் கணினியிடம் இடையிடையே மட்டும் வேலை வாங்கும் தொழில். ஒரு படத்தைத் திறக்கும்போதும், ஒரு பகுதியை மட்டும் திருத்த மாஸ்க் போடும்போதும், கடைசியில் நூற்றுக்கணக்கான படங்களை மொத்தமாக ஜேபெக் ஆக்கும்போதும் செயலி முழுமூச்சாக ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் நாம் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, அது சும்மா இருக்கிறது. மணிக்கணக்கில் சூடு ஏறிக்கொண்டே போகும் வீடியோ வேலைக்கு வேண்டிய பெரிய கேபினெட்டும் அரை டஜன் விசிறிகளும் இதற்குத் தேவைப்படாததற்கு அதுவே காரணம். மேசையின் ஒரு மூலையில் அடங்கும் 18 லிட்டர் பெட்டியில், சென்னை வெயிலிலும் அமைதியாக ஓடக்கூடிய ஒரு கணினியை எப்படித் தேர்ந்து, எப்படிப் பூட்டுவது என்பதை, நான் கட்டிய முறையிலேயே இங்கே எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் உங்கள் கேமராவின் கோப்பிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 45 மெகாபிக்சல் படம் என்றால் நான்கரைக் கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள், 16 பிட் ஆழத்தில் நிறத்துக்கு இரண்டு பைட். ஆக, ஃபோட்டோஷாப்பில் ஒரே ஓர் அடுக்கு சுமார் 270 மெகாபைட். பத்து அடுக்கு போட்டால் 2.7 ஜிபி, அதற்கு மேல் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக மென்பொருள் சேர்த்து வைக்கும் நகல்கள், பின்னணியில் திறந்திருக்கும் லைட்ரூம் என்ற படத் தொகுப்பு மென்பொருள், பிரவுசர். 24 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவருக்கு 32 ஜிபி ரேம் தாராளமாகப் போதும். 45 மெகாபிக்சலும் பனோரமாவும் என்றால் 64 ஜிபி வேண்டும். இந்த முடிவை முதலிலேயே எடுத்தாக வேண்டும், ஏனென்றால் சிறிய மதர்போர்டில் ரேம் செருக இரண்டே இடங்கள்தான் இருக்கின்றன. இப்போது இரண்டு 16 வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த இரண்டையும் கழற்றி ஓரமாக வைக்கத்தான் நேரும்.

அடுத்து மில்லிமீட்டர் கணக்கு. மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு 170க்கு 170 மி.மீ. சதுரம். அதற்கென்று வரும் கேபினெட்டுகளில் 10 லிட்டரிலும் அழகானவை உண்டு, ஆனால் முதன்முதலாகக் கட்டுபவருக்கு நான் பரிந்துரைப்பது கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற 18 லிட்டர் பெட்டியைத்தான். அதில் செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை 155 மி.மீ. உயரம் வரை வைக்கலாம், 330 மி.மீ. நீளம் வரை கிராஃபிக்ஸ் கார்டு அடங்கும். கை நுழைந்து வெளிவர இடமும் இருக்கும். 10 லிட்டர் பெட்டியில் ஹீட்சிங்கின் உயரம் பெரும்பாலும் 70 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுவதால் சிறிய விசிறி வேகமாகச் சுற்ற வேண்டிவரும், அறை வெப்பம் 35 டிகிரியாக இருக்கும் மே மாதத்தில் அந்தச் சத்தம் காதருகிலேயே கேட்கும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் இதில் பொருந்தாது. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் பெரிய போர்டுகளும் பெரிய எஸ்எம்பிஎஸ்ஸும்தான் எளிதில் கையில் கிடைக்கும், எனவே மினி-ஐடிஎக்ஸ் போர்டுக்கும் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்து, அவை கைக்கு வந்த பிறகு மற்றவற்றை வாங்குவது நல்லது.

செயலிக்கு ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் செயலி அமரும் இடம்) ரைசன் 7 9700எக்ஸ் போன்ற 8 கோர் செயலி இந்த வேலைக்கு நன்கு பொருந்துகிறது. அதன் வெப்ப மதிப்பு 65 வாட் என்பதுதான் அதைச் சிறிய பெட்டிக்குத் தகுந்ததாக்குகிறது. பன்னிரண்டு, பதினாறு கோர் செயலிகள் மொத்தமாக ஜேபெக் ஆக்கும்போது கொஞ்சம் நேரத்தை மிச்சப்படுத்தினாலும், ஒரு படத்தில் ஸ்லைடரை நகர்த்தும்போது அந்தக் கூடுதல் கோர்களால் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. செயலியின் மேல் 125 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-யு9எஸ் அல்லது அதே உயரத்தில் வேறு டவர் கூலரை (விசிறி பூட்டிய, நிமிர்ந்து நிற்கும் ஹீட்சிங்க்) வைத்தால் போதும், தண்ணீர்க் குழாய் வைத்த கூலர் வேண்டாம். ரேம் டிடிஆர்5-6000 வேகத்தில், உயரமான அலங்கார விளக்குகள் இல்லாத தட்டையான வகையாக இருக்கட்டும்.

கிராஃபிக்ஸ் கார்டில்தான் பலரும் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். ஆனாலும் அதை முற்றிலும் விட்டுவிடவும் முடியாது. லைட்ரூம் கிளாசிக்கில் 2023 ஏப்ரலில் வந்த, படத்திலுள்ள இரைச்சல் புள்ளிகளை நீக்கும் டினாய்ஸ் வசதி ஏறக்குறைய முழுவதும் கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. செயலியோடு வரும் சிறு கிராஃபிக்ஸை நம்பினால் நொடிக் கணக்கில் முடியும் வேலை நிமிடக் கணக்கில் இழுக்கும். மங்கிய மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த முகூர்த்தப் படங்கள் முந்நூறு வரிசையில் காத்திருக்கும்போது அந்த வேறுபாடு ஓர் இரவு முழுவதையும் விழுங்கிவிடும். 16 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இதற்கு நிறைவாக இருக்கிறது, 180 வாட்டுக்கு மேல் அது கேட்பதில்லை. கணக்குப் பாருங்கள்: கார்டு 180, செயலி உச்சத்தில் 88, மற்றவை ஐம்பது; மொத்தம் 320 வாட் அளவு. 650 வாட் எஸ்எம்பிஎஸ் பாதிச் சுமையில் குளிர்ச்சியாகவும் சத்தமில்லாமலும் ஓடும். இதற்கு மேலான கார்டுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை மானிட்டருக்கு ஒதுக்கி வையுங்கள்.

எஸ்எஸ்டி இரண்டு வாங்குங்கள். 1 டிபி ஒன்றில் இயங்குதளம், மென்பொருள், லைட்ரூம் கேட்டலாக் (படங்களின் பட்டியலும் திருத்தங்களும் பதிவாகும் கோப்பு). 2 அல்லது 4 டிபி மற்றொன்றில் இப்போது வேலை நடக்கும் படங்கள்.

இனிப் பூட்டும் வேலை. சிறிய பெட்டியில் பொருளை விட வரிசை முக்கியம், ஒன்றை மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். பல மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளில் எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 இடம் போர்டின் முதுகுப்பக்கத்தில் இருக்கும். என் முதல் கணினியை முழுவதும் பூட்டி, கேபிள்களைக் கட்டி, மூடியைத் திருகிய பிறகுதான் மேசையில் அந்த இரண்டாவது எஸ்எஸ்டி தனியாகக் கிடப்பதைப் பார்த்தேன். இரண்டு மணி நேர வேலையை அவிழ்த்து மறுபடி செய்தேன். ஆகவே போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, முதலில் முதுகுப்பக்க எஸ்எஸ்டியைப் பொருத்துங்கள்.

பிறகு போர்டைத் திருப்பி, சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, செயலியின் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் அப்படியே கிடத்துங்கள். ஏஎம்5இல் ஊசிகள் செயலியில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. அங்கே விரல் படக் கூடாது. நெம்புகோலை இறக்கும்போது கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானாக எகிறி வரும், அதற்காகப் பதற வேண்டாம். செயலியிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். ஏஎம்5 செயலியின் உலோக மூடி ஓரங்களில் வெட்டுகளோடு இருப்பதால், அதிகம் வைத்தால் பேஸ்ட் அந்த இடுக்குகளில் வழியும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். கூலரின் விசிறி காற்றைப் பெட்டியின் பின்பக்கம் நோக்கித் தள்ளும்படி இருக்க வேண்டும்.

கேபினெட்டுக்குள் வைக்கும் முன்பே, அட்டைப்பெட்டியின் மேலேயே எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். 9700எக்ஸில் சிறு கிராஃபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் மானிட்டரை மதர்போர்டிலேயே செருகிச் சோதிக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம்: டிடிஆர்5 ரேமை முதல் முறை போர்டு அளந்து பழகிக்கொள்ளும் வரை திரை கறுப்பாகவே இருக்கும், 64 ஜிபியில் அது சில நிமிடங்கள்கூட ஆகலாம். போர்டு பழுது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்தினால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள்.

திரை வந்ததும் அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் கேபினெட்டில் பொருத்தி, பிறகு போர்டை இறக்குங்கள். போர்டின் மேல் மூலையிலுள்ள 8 பின் செயலி மின்கேபிளை உடனே செருகிவிட வேண்டும். மேல் விசிறிகள் வந்துவிட்டால் அங்கே விரல் போகாது. மேல் விசிறிகள் இரண்டும் காற்றை வெளியேற்றட்டும், கிராஃபிக்ஸ் கார்டு அடிப்பக்கத் துளைகள் வழியே தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். கார்டைக் கடைசியில் செருகி, மானிட்டர் கேபிளைக் கார்டுக்கு மாற்றுங்கள். அடிப்பக்க வலையை மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும்.

பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், செய்ய வேண்டியவை இரண்டே. எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்கினால்தான் ரேம் 6000 வேகத்தில் ஓடும். விசிறி வேகம் செயலியின் வெப்பத்துக்கு உடனுக்குடன் துள்ளாமல், சில நொடி தாமதித்து மெல்ல ஏறும்படி அமைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தைத் திறக்கும்போதும் விசிறி சீறி அடங்குவதுதான் சிறிய பெட்டிகளில் மனத்தை நச்சரிக்கும் சத்தம். லைட்ரூமில் கேமரா ரா கேஷ் (திறந்த படங்களின் தற்காலிகத் தரவு சேரும் இடம்) அளவை 20 ஜிபிக்கு மேல் உயர்த்துங்கள். சந்தா வேண்டாதவர்களுக்கு டார்க்டேபிள் இலவசமாகவே இருக்கிறது, ஓபன்சிஎல் மூலம் அதுவும் கார்டைப் பயன்படுத்திக்கொள்ளும்.

திரையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். 27 அங்குலம், 4கே, ஐபிஎஸ் என்பது பொதுவான தேர்வு. இணையத்துக்கு மட்டும் படம் தருபவருக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பு முழுமையாக இருந்தால் போதும். ஆல்பமும் பெரிய அச்சும் செய்பவருக்கு அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி வரம்பு பயன்படும், ஏனென்றால் அது கூடுதலாகக் காட்டுவது பச்சையிலும் பச்சை கலந்த நீலத்திலும்தான். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையின் மடிப்புகள் சாதாரணத் திரையில் ஒரே தட்டையான பூச்சாகத் தெரிவது இதனால் நேரலாம். எந்தத் திரையானாலும் திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கருவி வைத்து 6500 கெல்வின், காமா 2.2, சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா என்று அமைத்து, மாதம் ஒரு முறை திரும்பச் சரிபாருங்கள். சுவரின் நிறத்தையும் கவனியுங்கள். மேசைக்குப் பின்னால் அடர் மஞ்சள் சுவர் இருந்தால் கண் அதற்குப் பழகி, சரியாக இருக்கும் முகம்கூட நீலம் பாய்ந்ததாகத் தோன்றும். நாம் மஞ்சளைக் கூட்டுவோம், அச்சில் எல்லோரும் காமாலை வந்தவர்களைப் போல இருப்பார்கள். வெளிர் சாம்பலோ வெள்ளையோ அடித்த சுவர் நல்லது.

மின்தடைக்கு 1000 விஏ யுபிஎஸ் வையுங்கள். 600 விஏ என்பதில் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும், மானிட்டரையும் சேர்த்தால் அது எல்லையில் நிற்கும். முடிந்த வேலைகளை இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, அவற்றில் ஒன்றை வேறு வீட்டில் வைத்திருங்கள்.

எல்லாம் அமைந்த பிறகு, நூறு ரா கோப்புகளுக்கு (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகள்) டினாய்ஸ் ஓடவிட்டு, பிறகு அவற்றையே மொத்தமாக ஜேபெக் ஆக்கி, செயலியின் வெப்பத்தைக் கவனியுங்கள். 95 டிகிரி அதன் எல்லை. மூடிய பெட்டியில் 80 அளவில் நின்றால் நிம்மதியாக இருக்கலாம், 90ஐத் தாண்டினால் கூலரை எடுத்துப் பேஸ்ட் சமமாகப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பின் ஒரே ஒரு படத்தை, தோல் நிறமும் வெள்ளை வேட்டியும் ஒருசேர இருக்கும் படமாகத் தேர்ந்து, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் லேபில் அச்சிட்டு வாங்கி, நல்ல வெளிச்சத்தில் திரையின் அருகே பிடித்துப் பாருங்கள். அச்சு இருண்டிருந்தால் படத்தில் கை வைக்காமல், திரையின் வெளிச்சத்தைக் குறைத்து மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.