புதுக் காருக்கு அலாய் வீல் போடலாமா? சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

புதுக் கார் வந்த சூட்டோடு சூடாக எழும் ஆசை, வீலை அலாய்க்கு (அலுமினியக் கலவையில் செய்த வீல்) மாற்றுவது. நடுத்தர மாடல் வாங்கியவர்களுக்கு ஸ்டீல் ரிம்மும் பிளாஸ்டிக் வீல் கப்பும்தான் கிடைத்திருக்கும். மாற்றுவது தப்பில்லை. ஆனால் கடையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

1. டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

உதாரணத்துக்கு, டயரின் பக்கவாட்டில் '185/65 ஆர்15 88எச்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேகத்துக்கானது. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. போனில் படம் எடுத்து வையுங்கள்.

2. கணக்குப் போடுங்கள்

பெரிய ரிம் போட்டால் கார் உயரும் என்று பலர் நம்புகிறார்கள். டயரோடு சேர்த்து மொத்த விட்டம் மாறாமல் இருந்தால் உயராது. மேலே சொன்ன டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. 195/55 ஆர்16 போட்டாலும் அதே 621தான். விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், டயர் உள்ளே உரசவும் செய்யலாம். அதனால் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

சரி, விட்டம் ஒன்றுதான் என்றால் மாறுவது எது? பக்கச்சுவர். 120 மி.மீ. இருந்தது 107 ஆகிவிடும். 205/45 ஆர்17 போட்டால் வெறும் 92. பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கி ரிம்மைக் காப்பாற்றுவது இந்தச் சுவரில் இருக்கும் காற்றுதான்.

3. எங்கே ஓட்டுவீர்கள் என்று யோசியுங்கள்

முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஊருக்குள் தோண்டி மூடிய தெருக்களும் திடீர் வேகத்தடைகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏற்காடு: 20 கொண்டை ஊசி வளைவு, ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க வேண்டும். தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் ஒரு சக்கரம் இறங்கி ஏறும். ஸ்டீல் ரிம் அங்கே வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விடலாம். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

அலாய் என்றாலே எடை குறைவு என்பதும் எப்போதும் சரியல்ல. பெரிய, மலிவான அலாய், பழைய ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாகவே இருக்கலாம். தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் கருத்து இது: குடும்பக் காருக்கு ரிம் அளவைக் கூட்டாதீர்கள். அழகு வேண்டும் என்றால் அதே 15 அங்குலத்தில் அலாய் போடுங்கள். மிச்சமாகும் காசை எடுத்து வையுங்கள். டயர் மாற்றும் காலம் வரும்போது ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயராக வாங்கலாம். மழை நாளில் மலை இறங்கும்போது அதன் அருமை தெரியும். 16தான் வேண்டும் என்றால், உங்கள் காரின் டாப் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவை மட்டும் எடுங்கள். 17 வேண்டவே வேண்டாம்.

4. கடையில் கேட்க வேண்டியவை

நட் எத்தனை, அவற்றின் வட்டத்தின் விட்டம் எவ்வளவு (4 நட், 100 மி.மீ. என்பது போல), ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து காரோடு ஒட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) எவ்வளவு, நடு ஓட்டை ஹப்பில் (காரில் வீல் உட்காரும் நடுப்பகுதி) கச்சிதமாக உட்காருகிறதா? நான்கும் காரோடு பொருந்த வேண்டும். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் போட்டுத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரலாம். பழைய நட் புது வீலுக்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். டயரும் மாற்றினால் சுமை எண் பழைய டயரில் இருப்பதற்கு (நம் உதாரணத்தில் 88) கீழே போகக் கூடாது.

வாரண்டி பாதிக்குமா என்று ஷோரூமில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். ஸ்டெப்னி ஸ்டீலாகவே இருந்தால் அதன் நட் தனியாக டிக்கியில் இருக்கட்டும்.

5. மாட்டிய பிறகு

பாலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டும் செய்யுங்கள். நட்டுகளைக் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கே டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) முடுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் அதே கடைக்குப் போய் ஒருமுறை மறுபடி முடுக்கிக்கொள்ளுங்கள். ஏற்காடு போவதெல்லாம் அதற்கு அப்புறம்.