பறவைப் படம்: இடம் விட்டு எடுங்கள், அப்புறம் வெட்டுங்கள்

பறவையைப் படம் முழுக்க நிரப்பாதீர்கள். கேமராவின் நடு ஃபோகஸ் புள்ளியால் அதன் கண்ணை ஃபோகஸ் செய்து, சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். வீட்டில் கிராப் செய்யும்போது, அதாவது ஓரங்களை வெட்டும்போது, பறவை பார்க்கும் பக்கம் கூடுதல் இடம் இருக்கட்டும். இப்படி எடுத்தால், பினாங்கின் பாலிக் புலாவ் வயல் ஓரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி சட்டென்று பாய்ந்தாலும் இறக்கை வெட்டுப்படாது. 24 மெகாபிக்சல் படத்தில் நீள அகலத்தைப் பாதியாக்கினாலும் 3000×2000 பிக்சல் மிஞ்சும். ஏ4 அச்சுக்கு அது போதும். பெரிய லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொட்ட இப்போதைக்கு அவசரமில்லை.

கைப்பேசியில் டிஜிட்டல் ஜூம் போட்டு எடுத்ததற்கு இது சரிவராது, அது ஏற்கெனவே வெட்டிய படம்தான். பினாங்கு மலைக் காட்டின் மங்கலான வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றி எடுத்ததையும் அதிகம் வெட்டாதீர்கள். இறகெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.